பச்சை லான்சரின் இன்னொரு சாவி

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

நிலா எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் நலம். காருக்குத்தான் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கர் போட்டுவிடுகிறார். முன்பெல்லாம் அவரும் அப்பாவும் பேசி முடித்ததும் போன் என் கைக்கு வரும், நான் அதை எடுத்துக்கொண்டு அப்பாவின் மெக்கானிக் ஷெட் பக்கம் போய்விடுவேன். உனக்கு நிச்சயம் ஆனதிலிருந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வினோதினி உட்கார்ந்திருக்கிறார். அவர் கைக்குப் போன போன் என் கைக்கு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. தினமும் நீங்கள் இருவரும் தனியாகப் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குத்தான்.

அங்கே உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கோபி அண்ணன் லீவு முடிந்து, தீபத்துக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறார். அம்மா கொடுத்தனுப்பும் மிளகாய்த்தூளோடு இதையும் வைக்கிறேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். பசை போட்டு ஒட்டியும் விடுவேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. கதவு ரப்பர் நான்கும், இடது பக்கக் கண்ணாடியும் உடையாமல் வந்து சேர்ந்தன. ரப்பரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புது ரப்பர் வாசனை அடித்தது. இங்கே அதற்காக எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் விற்கும் கடைக்காரர் வாட்ஸ்அப்பில், "லான்சருக்கு ரப்பரா? அது கெடைக்கறதுக்குள்ள இன்னொரு லான்சரே கெடச்சிடும் நிலா ப்ரோ" என்று எழுதினார். நான் ஒரு பையன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. எழுதிக் கேட்டால் போதும், வாய் திறக்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

ரப்பருக்கு அடியில், மெல்லிய தாளில் சுற்றி ஒரு சால்வை இருந்தது. மேலே "வினோ" என்று எழுதியிருந்தாய். அதற்கும் அடியில் ஏதாவது இருக்குமா என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நான் கேட்டது ரப்பர், ரப்பர் வந்துவிட்டது. குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சால்வையைப் போட்டுக்கொண்டு அவர் ஷெட்டுக்கு வந்தார். கிரீஸும் ஆயிலுமாகக் கிடக்கும் இடத்துக்கு யாராவது அப்படி வருவார்களா?

அவர் வந்துபோவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி முடிந்ததும் அடி அண்ணாமலையில் தன் வீட்டுக்கு பஸ் ஏறும் முன்பு நம் வீட்டில் ஒரு காபி. கல்யாணத்துக்கு முன்னால் இதென்ன பழக்கம் என்று பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்கா கேட்டதற்கு, "எம் மருமவ எங்க வூட்டுக்கு வராம ஒங்க வூட்டுக்கா வருவா?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அப்பா இன்னும் மோசம். நம் அப்பா ஜோக் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? வினோதினி வந்து, ஷெட்டில் நிற்கும் பழைய காரைக் காட்டி, "மாமா, என்னா இன்னைக்கும் இந்தக் குவாலிஸ் எழுந்திருக்கலையா?" என்று கேட்டால், "அதுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும், ஊசி எடுத்தாந்தியாம்மா?" என்கிறார். நான் இத்தனை வருஷமாக அதே குவாலிஸுக்கு அடியில் படுத்துக்கிடக்கிறேன். என்னிடம் அவர் பேசுவதெல்லாம் "பன்னண்டு ஸ்பேனர்", இல்லாவிட்டால் திட்டு, அதோடு சரி.

இப்போது கார். நீ படம் போட்டு அனுப்பிய அகல டயரும், சத்தம் போடும் சைலன்சரும் முடியாது. கம்பெனி கொடுத்த அளவை மீறினால் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார். பழைய வண்டி என்று போன வருஷம்தான் பாடுபட்டு ஆர்.சி. புதுப்பித்தோம். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. நிறம் மட்டும் மாற்றலாம். அதற்கும் பெயிண்டைத் தொடும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, அடித்த பிறகு திரும்பவும் காட்டி, ஆர்.சி.யில் புது நிறத்தை ஏற்ற வேண்டும்.

பச்சையை நீலமாக்கச் சொன்னாய். வினோதினிக்கு நீலம் பிடிக்குமாம். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் காரை அவர் பெயருக்கு மாற்றவும் எல்லாம் தயார் செய்து வைக்கச் சொன்னாய். நான் "சரி" என்றேன். ஸ்பீக்கரில் வேறு என்ன சொல்ல முடியும்?

அண்ணா, கீழ்பென்னாத்தூரில் அந்தக் கடலை மண்டியில் சாக்குகளுக்கு அடியில் இந்தக் கார் கிடந்தது நினைவிருக்கிறதா? டாஷ்போர்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. டிராக்டரில் கயிறு கட்டி நீ முன்னால் இழுக்க, நான் தலையணை போட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். "பிரேக்க மட்டும் வுடாத, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாய். செஞ்சி ரோட்டில் ஏறியதும் ஹார்ன் தானாக அடிக்க ஆரம்பித்து வீடு வரை நிற்கவே இல்லை. ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. மற்ற நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன், அன்றைக்கு அப்படி இல்லை. இன்றைக்கு எனக்குச் சட்டம் தெரியும், பதின்மூன்று வயதில் நான் அங்கே உட்கார்ந்தது தப்பு. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று படிக்க முடியாமல் நான் பத்தாவதோடு நின்றபோது, வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். நீ மட்டும் திட்டாமல், "ஷெட்டுக்கு வா, பச்சைக்குச் சாமான் தேடணும்" என்றாய். உனக்குப் பதினெட்டு ஆகட்டும், மலையைச் சுற்றி முதல் ரவுண்டு நீதான் ஓட்டணும் என்றும் சொன்னாய். பங்குனியில் எனக்குப் பதினெட்டு ஆகிறது. அதற்கு முன்னால் தை வந்துவிடும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நிறம் மாற்ற அனுமதி கேட்டோம். முதலில் வண்டியைக் கொண்டுவந்து காட்டுங்கள், சேஸிஸ் நம்பரை ஒத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் கழுவித் துடைத்தோம். வினோதினியும் சால்வையை ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். இன்ஜினுக்குப் பின்னால் தகரத்தில் குத்தியிருக்கும் அந்த சேஸிஸ் நம்பர்மீது அம்மா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைப்பார் அல்லவா? "நம்மளுக்கு நெத்தி மாதிரி காருக்கு அதான்டி" என்பாரே. பழைய சந்தனத்தை யாரும் எடுத்ததே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து சுண்ணாம்பு போல் கட்டிவிட்டது, அடியில் துருவும் பிடித்திருக்கிறது. வினோதினி அதை அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். நான் அப்போது வண்டிக்கு அடியில் இருந்தேன். கரகரவென்று சத்தம் கேட்டது. பானெட் ஓரத்தைத் தேய்க்கிறார் என்று நினைத்தேன். துரு போனது. அதோடு நம்பரும் பாதி போனது.

மறுநாள் அப்பா ஓட்ட, வினோதினி முன் சீட்டில், நான் பைலோடு பின் சீட்டில். அந்தக் காரில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் நம்பர்மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். கடைசி எழுத்துகள் விழவே இல்லை. திரும்பவும் தேய்த்தார். "யாருய்யா நம்பர அழிச்சது? திருட்டு வண்டியா?" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா முகம் வெளுத்துவிட்டது. யாரிடம் வாங்கியது, எப்போது பெயர் மாற்றியது, எல்லாத் தாளும் என் கையில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

வினோதினி முன்னால் போய் நின்றார். "நான்தான் சார் தேச்சேன். எங்க மாமியாரு வருஷா வருஷம் அதுமேல சந்தனம் வெச்சிருக்காங்க. நான் லேப்ல வேல செய்றவ சார், அழுக்கப் பாத்தா கை சும்மா இருக்காது" என்றார். இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். தை மாதம் என்றார் வினோதினி. "அதுக்குள்ளயே மாமியார மாட்டி வுட்டியேம்மா" என்று அவர் சிரிக்க, அப்பாவும் சிரித்துவிட்டார். பிறகு இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே சொன்னார். இன்ஜின் நம்பர் சரியாக இருக்கிறது. இது திருட்டு வண்டி இல்லை என்று போலீஸில் சான்று வாங்கி வர வேண்டும். அப்புறம் ஆர்டர் போட்டு, அவர்கள் முன்னால் நம்பரைத் திரும்பக் குத்த வேண்டும். அதுவரை நிறமும் மாற்ற முடியாது, பெயரும் மாற்ற முடியாது.

வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எஞ் சந்தனந்தான் நம்பரத் தின்னுடுச்சி, நீ இன்னா பண்ணுவ" என்று அம்மா அவருக்குப் பஜ்ஜி போட்டுக் கொடுத்தார். ஆடி மாதம் நான் ஒரு ஹெட்லைட்டைக் கீழே போட்டேனே, அதற்கு அப்பா எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். இவர் வண்டியின் அடையாளத்தையே அழித்தார், பஜ்ஜி கிடைத்தது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்பர் வரும்வரை கார் பச்சை. அதுவரை அது உன் பெயரில். எழுதியதை அடிக்க நினைத்தேன், மனம் வரவில்லை.

திங்கட்கிழமை

இங்கே முடித்து ஒட்டியிருந்தேன். நேற்று நடந்ததற்காகத் திரும்பப் பிரித்தேன்.

தீபக் கூட்டம் கலைந்து, அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வினோதினி நேராக ஷெட்டுக்கு வந்தார். சால்வை இல்லை. நான் காருக்குள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கதவு ரப்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து இடம் விடப் போனேன். அவர் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்புறம், "மாமா என்னத் திட்டவே இல்ல நிலா" என்றார். நல்லதுதானே என்று நினைத்தேன். "திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். விருந்தாளியத்தான் திட்ட மாட்டாங்க. ஒன்ன வாயார திட்றாரு பாரு, அதப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றார். அப்பா திட்டுவதைப் பார்த்துக்கூட ஒருவருக்கு வயிறு எரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு கதவைத் திறந்து புது ரப்பரைத் தடவிப் பார்த்தார். "எனக்கு வந்த சால்வ ஏர்போர்ட் கடையில கெடைக்கறது. கோபி அண்ணன் சொன்னாரு. இதுக்கு ஒங்க அண்ணன் லீவு நாள்லாம் மழையில பழைய வண்டி ஒடைக்கற யார்டு யார்டா ஏறி எறங்கினாராம். என்கிட்ட பேசறதே பாதி நேரம் நிலா கண்ணாடி கேட்டா, நிலா ரப்பர் கேட்டான்னுதான். கேட்டுக் கேட்டு காது புளிச்சிப்போச்சு" என்றார். ஹார்ன் நிற்காமல் அடித்த கதையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எலிக்குட்டி வரைக்கும் தெரிந்திருக்கிறது.

நீ மழையில் அலைந்ததை நினைத்து ராத்திரி முழுக்கச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை ஏன் நீயே என்னிடம் சொல்லவில்லை என்றுதான் இருந்தது. அந்த எலிக்குட்டியையும் நீ எங்கேயும் சொல்லாமல் வைத்திருக்கலாம். அது உனக்கும் எனக்கும் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

இருந்தாலும் வேலையை நிறுத்த மாட்டேன். போலீஸ் சான்றுக்கு இன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டோம். மனுவை எழுதியது நான், கொண்டுபோய்ப் பேசியது அண்ணி. நம்பர் குத்தி வந்ததும் நீ சொன்ன நீலத்தையே முறைப்படி அடித்து, ஆர்.சி.யில் ஏற்றி வைக்கிறேன். நம்பர்மீது இனிமேல் சந்தனம் கிடையாது, பானெட்டில்தான் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியாயிற்று. பச்சை போவதற்குள் ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீ யாருக்கும் அனுப்பாதே.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஷெட் வாசலில் நின்றாலே மலைமேல் தீபம் தெரிகிறது. நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். நிஜமாகத்தான் கும்பிட்டேன்.

காருக்கு இரண்டு சாவி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நேற்று ஒன்றை நானாகவே அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். இன்னொன்று எங்கே என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நீ கேட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுவேன்.

கேட்காதே, அண்ணா.

உன் தங்கை,
நிலா