ஆய்வகத்தில் ஊதிய சங்கு

நார்வே,
நவம்பர் 2018

அன்புள்ள அப்பாவுக்கு, தமிழ்நிலா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் தேவலையா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

“கடல் தண்ணியில எங்கேம்மா கரிப்புகை இருக்குது?” என்று போனில் கேட்டீர்கள். உங்கள் சுரங்கத்து நிலக்கரி எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கைக் கடல் குடித்துக்கொள்கிறது. இங்கே எங்கள் ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தி, வாயுவைக் குமிழாகப் பிரித்து, மறுபடியும் எரிபொருளாக்கப் பார்க்கிறோம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஆய்வகத்தில் திடீரென்று சங்கு ஊதியது. வாயுக் கசிவுக்கான எச்சரிக்கை அது. எல்லோரும் வெளியே ஓட, நான் மட்டும் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டேன். “ஷிப்ட் சங்கு வூதிடுச்சு, தட்ட எடுத்து வை, அப்பா வந்துகினு இருப்பாரு” என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பழகிய கை. வெளியே தலை எண்ணும்போதுதான் நான் இல்லாதது தெரிந்ததாம். பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அம்மாவின் எள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது. முடிந்தால் அனுப்புங்கள்.

இன்னொன்று. நீங்கள் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள், உங்களுக்கு ஆஃப் இருக்கும் ஒரு நாளில், காலை ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் போன் செய்யுங்கள். எதுவும் பேச வேண்டாம். சங்கு ஊதும்போது போனை ஜன்னலில் வைத்தால் போதும். நான் இங்கே தட்டை எடுத்து வைக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

தமிழ்நிலா