இயந்திரத்துக்குத் தெரியாத கட்டைவிரல்

இன்று காலைக் கூட்டத்தில் தேநீரோடு, வினிகரில் ஊறவைத்த ஜாதிக்காய்த் துண்டுகளும் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் அந்த இனிப்பும் காரமும் கலந்த வாசனை மேசையைச் சுற்றி வந்தது. முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும் புதிய இயந்திரத்தை விற்க வந்தவர்கள், அதைப் பற்றித் திரையில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதன்பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை. நீ நினைவில் வந்துவிட்டாய்.

நாம் இருவரும் ஒரே நாளில் இந்த அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்தவர்கள். என்ன கருவி வாங்குவது என்று முடிவு செய்யும் பிரிவில் அடுத்தடுத்த மேசை. முதலில் எல்லா அறைக்கும் கணினி என்றார்கள். பிறகு கைரேகை. பிறகு எதற்கெடுத்தாலும் கைப்பேசிச் செயலி. இப்போது செயற்கை நுண்ணறிவு என்று எழுதாமல் ஒரு கோப்பும் நகர்வதில்லை.

"அரசாங்கத்துக்கு வருஷா வருஷம் புதுத்துணி ஆசை வந்துரும் லா. தப்பில்ல. உடுத்தப் போறவங்களுக்கு அளவு எடுத்துட்டு வாங்குங்க" என்பாய்.

உன்னைப் புதுமைக்கு எதிரி என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். புது இயந்திரம் வந்து இறங்கினால் பெட்டியைப் பிரிக்க முதலில் ஓடுகிறவள் நீதான். கையேட்டைப் படிக்க மட்டும் என்னிடம் தள்ளிவிடுவாய், கள்ளி.

கைரேகை இயந்திரம் வந்த நாள் நினைவிருக்கிறதா? வசதியில்லாதவர்களுக்கான மாத உதவித்தொகையை இனிக் கட்டைவிரல் வைத்துத்தான் வாங்க வேண்டும் என்று திட்டம். குளிரூட்டிய அறையில் அதிகாரிகள் அடையாள அட்டையைச் செருகி வரிசையாக விரலை வைத்தார்கள். எல்லோருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. உனக்கு மட்டும் சிவப்பு. முந்தின இரண்டு நாளும் உங்கள் வீட்டில் ஊறுகாய்க்கு ஜாதிக்காய் சீவி, வினிகரில் அளைந்து, உன் விரல் தோலெல்லாம் உரிந்து கிடந்தது.

"கைய கழுவிட்டு வாங்க" என்று தலைவர் சிரித்தார்.

"கழுவிட்டுத்தான் சார் வந்தேன்" என்றாய். நீ சிரிக்கவில்லை.

மறுநாள் காலை இயந்திரத்தைக் காரில் ஏற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு, சந்தை கூடும் நேரத்தில் சுங்கை பினாங் பாசாருக்குப் போனாய். மீன் வெட்டும் அக்கா விரல் வைத்தார். சிவப்பு. சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் சிவப்பு. சிமெண்ட் கலந்தே வயதாகிப்போன ஓர் அண்ணன், விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். திரையில் 'அட்டைக்கு உரியவர் இவர் இல்லை' என்று வந்தது.

"அப்ப நான் நான் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கு அந்த மாதம் முழுக்க அந்தப் பணம்தான் சோறு.

நீ அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டாய். "நீங்க நீங்கதாண்ணே. எனக்குத் தெரியுது. மெஷினுக்குத்தான் தெரியல."

அதன்பிறகு நீ நடத்தியது சின்னப் போரா! ஒதுக்கிய பணத்தை இந்த ஆண்டுக்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு கிடைக்காது என்று மேலே அவசரப்பட்டார்கள். வாங்க வேண்டாம் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. இயந்திரம் மறுத்தால், கவுண்டரில் இருக்கும் ஆள் அட்டையையும் முகத்தையும் பார்த்து அன்றைக்கே பணம் தர வேண்டும். அதை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாய். கடைசியில் சேர்த்தார்கள். உனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் பொருமினேன். நீயோ, "விடு லா, அந்த நாற்காலியில ஏசி நேரா மூஞ்சில அடிக்கும்" என்றாய். உன்னைப்போல் ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும், மருந்து அளக்கும் கருவியைப் பற்றித் தாதியிடம் நோண்டி நோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தாயே!

அந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். ஏசி மூஞ்சியில்தான் அடிக்கிறது.

இன்றைய திட்டத்தில் கவுண்டரையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். முகம் காட்டினால் பணம், ஆளே தேவையில்லை. விளக்கம் முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயிலிருந்த ஜாதிக்காயை விழுங்கிவிட்டு, "சனிக்கிழமை இதை சுங்கை பினாங் பாசாருக்குக் கொண்டு வாங்க" என்றேன். விற்க வந்தவர் விழித்தார். "நூத்துல தொண்ணூறு பேர தெரிஞ்சுகிட்டா சந்தோஷம், வாங்குவோம். தெரியாமப் போற ஆளுக்கு ஒரு கவுண்டர் இருக்கணும். அது இல்லாம என் கையெழுத்து கிடையாது."

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு கவுண்டர் இருக்கட்டும் என்று முடிவானது.

அந்தக் கவுண்டரில் உட்கார ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியெல்லாம் அவள் தானே கற்றுக்கொள்வாள். சிவப்பு விளக்கு எரிந்து, எதிரே நிற்கிறவர் தன் முகத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சொல்ல வேண்டியதை மட்டும் நான் சொல்லிக்கொடுப்பேன்.

"நீங்க நீங்கதாண்ணே. எனக்குத் தெரியுது."