வட்டத்துக்குள் சொன்னது

பதிவு 1. செரெஸ் குறுங்கோள், பாதுகாப்பு மனநல விடுதி. பிற்பகல்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் அஞ்சுகம். முன்பு விண்கல ஓட்டி, இப்போது பூட்டிய வார்டில் நோயாளி. வாரம் ஒருமுறை நோயாளிகள் நாங்கள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். டாக்டர்களுக்கு இடமில்லை, பேசுவது வெளியே போகாது. இன்று அலமேலு முதன்முறையாக வாய் திறந்தாள். சுரங்கச் சரிவில் இருட்டில் புதைந்து கிடந்தவள். விளக்கை அணைத்தால் இன்னும் மூச்சு முட்டுகிறதாம். எங்களில் மூத்தவரான சூசை அண்ணன் தன் தேநீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பதிவு 2. காலை.

தலைமை டாக்டர் பத்ரிநாத் அலமேலுவை இருட்டறையில் அடைத்துவிட்டார். அதுதான் சிகிச்சையாம். அவள் பயம் எங்களுக்கு மட்டுமே தெரியும். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தேடினோம், கூட்ட அறையின் கூரையில் ஒலிவாங்கி இருந்தது. சுவர் வழியே அவள் குரல்: "அக்கா, லைட்டப் போடச் சொல்லுங்கக்கா." கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கிவிட்டது.

பதிவு 3. மாலை.

அலமேலு இறந்துவிட்டாள். மாரடைப்பு என்கிறார்கள். நான் பத்ரிநாத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

பதிவு 4. நண்பகல்.

விடுதிக்கு மூச்சுக்காற்று தரும் ஆலை வெடித்தது. ஊழியர்கள் முதல் கலத்தில் ஓடிவிட்டார்கள். மிஞ்சிய கலத்தை ஓட்டத் தெரிந்தவள் நான் மட்டும். அதனால்தான் பத்ரிநாத் எங்கள் வார்டைத் திறந்தார். நாங்கள் ஏறினோம். அவர் தன் ஆராய்ச்சிப் பதிவுகளை எடுக்க ஓடினார். பிறகு ரேடியோவில்:

"அஞ்சுகம், என் ரூம் கதவு சிக்கிருச்சு. வெளியிலேர்ந்து நெம்பினா திறந்துரும். யாரையாவது அனுப்பும்மா."

சூசை அண்ணன் கம்பியோடு எழுந்தார். "அவனும் மனுஷந்தாம்மா. அஞ்சு நிமிஷம் குடு."

ரேடியோவை என் காதுக்கருவிக்கு மாற்றினேன். சிறிது நேரம் கேட்பதுபோல் இருந்தேன். "சத்தமே இல்லண்ணே. அங்க காத்து தீந்து போயிருக்கும்" என்றேன். நம்பினார். கலத்தைக் கிளப்பினேன்.

பதிவு 5. கலம். நேரம் பார்க்கவில்லை.

பத்ரிநாத் என் காதில் இன்னும் பேசுகிறார். முதலில் உத்தரவு. அப்புறம் கெஞ்சல். இப்போது, "யாராவது இருக்கீங்களா... ஒரு வார்த்தை பேசுங்க..."

பதில் பேசும் பொத்தான் என் விரலடியில். அழுத்தவில்லை.

காப்பாற்ற முடியவில்லையே என்று சூசை அண்ணன் அழுகிறார். எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நம்மால ஆனதச் செஞ்சோம்ணே."

காதில் பத்ரிநாத் இருமினார். குரல் தேய்கிறது.

ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.