நான்காவது முச்சலிக்கை

அன்புள்ள மகள் கோகிலவாணிக்கு அப்பா மாயவன் எழுதுவது. முத்திரைத்தாளில் கடிதம் வந்திருக்கிறதே, அப்பா எதையோ விற்றுவிட்டார் என்று பதறாதே. ஒன்றும் விற்கவில்லை. நானும் அம்மாவும் நலம், எனக்கு இரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது, காரணம் கீழே வருகிறது. அங்கே ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஐஸ்வர்யாவும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே ஆடி பிறந்தும் மழை இல்லை, காற்று மட்டும் உண்டு, காரிமங்கலம் சந்தையில் அம்மா வாங்கிய முறம் பறந்துபோய் ஒரு ஆட்டின் மேல் விழுந்து, ஆட்டுக்காரரோடு அரைமணி நேரப் பேச்சு. இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் நான் "அது வந்து" என்று ஆரம்பிப்பதற்குள் அம்மா போனை வாங்கி முடிவைச் சொல்லிவிடுகிறாள். எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

எதிர் வீட்டு மாதேஸையும் அவன் மனைவி சோபனாவையும் உனக்குத் தெரியும். அவன் அவளை அடிப்பதும், ஊர்க் கவுண்டர் ராஜப்பன் நாலு பேரைக் கூட்டிப் பேசுவதும், இனி அடிக்க மாட்டேன் என்று மாதேஸ் முச்சலிக்கை எழுதிக் கொடுத்து அவளைத் திரும்ப அழைத்துப் போவதும் மூன்று முறை நடந்தாயிற்று. மூன்றையும் எழுதியவன் நான். பத்திர ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தவனுக்கு அரைகுறையாக எழுத வராது. தேதி, நேரம், எதனால் அடித்தான், எங்கே பட்டது எல்லாம் வேண்டும் என்பேன். சம்பவ இடத்துக்கு நான்கு எல்லைகூடப் போட்டேன், "அடுப்புக்குக் கிழக்கு, அம்மிக்கு மேற்கு, தண்ணீர்க் குடத்துக்குத் தெற்கு, கொல்லைக் கதவுக்கு வடக்கு, இதற்கு மத்தியில் நின்றிருந்த என் மனைவியை நான் தோசைக் கரண்டியால் அடித்தது நிஜம்" என்று. ராஜப்பன், "ஏங்க, அவன் பொண்டாட்டிய அடிச்சானா இல்ல நெலத்த வித்தானா, சுருக்கமா எழுதுங்க" என்பார். மற்ற எல்லாவற்றிலும் தலையாட்டுகிற எனக்கு இதில் மட்டும் எப்படியோ பிடிவாதம் வந்துவிடும். மூன்றாவதை எழுதிய அன்று நீ போனில் கேட்டாய், "நானே அடிபட்டு வந்திருந்தா எனக்கும் இப்படித்தான் எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பீங்களாப்பா" என்று. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வைகாசிக் கடைசியில் மாதேஸ் அவளுடைய இடது மணிக்கட்டை முறித்து, வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டான். நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அழைத்து வந்தோம். மறுநாள் காலை ராஜப்பன் இந்த முத்திரைத்தாளோடு வந்து, "மூணாவதப் பாத்து எழுதி தேதிய மட்டும் மாத்திப் போடுங்க." என்று என்னிடமும், "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு" என்று சோபனாவிடமும் சொன்னார். நான் கண்ணாடியைத் துடைத்து, பேனாவைத் திறந்து, 'முச்சலிக்கை' என்று தலைப்பும் போட்டுவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, போட்டுவிட்டேன். அப்போது உன் அம்மா காபி டம்ளரை ணங்கென்று வைத்து, "எழுதுங்க, நல்லா எழுதுங்க, அஞ்சாவதுக்கும் இப்பவே எடம் விட்டு வெச்சிருங்க" என்றாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். ராஜப்பன் தன் பேனாவை நீட்டினார். பிறர் பேனாவில் எனக்கு எழுத வராது என்றேன். என் வீரம் மொத்தமும் அவ்வளவுதான். அவர் தாளை வைத்துவிட்டு, எழுதி வையுங்கள், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று போனார்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்து இருபது வருடமாகிறது. அதைப் படித்துமிருக்கிறேன், பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் பொறுப்பு வராது என்ற இடத்தில் இரண்டு கோடு. சொன்னதுதான் இல்லை. சோபனாவிடம், உனக்குச் சம்மதமா அம்மா, சொல்லட்டுமா என்று கேட்டேன். "மூணு தடவ எழுதுனப்பவும் இதக் கேக்கலீங்களே மாமா" என்றாள். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டு இரண்டு முறை நானே துண்டித்து மூன்றாவது முறை பேசினேன். அந்தப் பக்கம் ஒரு பெண், "அடிபட்டது யாருங்கய்யா, நீங்களா" என்று பொறுமையாகக் கேட்டாள். "இல்லீங்கம்மா, நான் எழுதினவன்" என்று சொல்லி, போனைச் சோபனாவிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நானும் அம்மாவும் சோபனாவும் பஸ் ஏறித் தர்மபுரி போனோம். பாதுகாப்பு அலுவலர் நிர்மலாதேவி என்ற அம்மாள் சோபனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டபோது, வெட்கத்தோடு மஞ்சள் பையிலிருந்து மூன்று முச்சலிக்கைகளின் நகலை எடுத்தேன், நகல் இல்லாமல் நான் எதையும் விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான்கு எல்லையைப் படித்ததும் அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஐயா, அவரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு, கீழ அஞ்சு சாட்சி. இந்த மாதிரி யாரும் கொண்டு வந்ததில்லீங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த தாளைத் திருப்பி, "இனி என் மனைவியும் எதிர்த்துப் பேசாமல் அடங்கி நடப்பாள்னு கடைசில இருக்கே, இது எதுக்குங்க" என்றார். ராஜப்பன் சொன்னார், எழுதினேன். அதைச் சொல்லாமல் மஞ்சள் பையை நாலாக மடித்தேன். சோபனா தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வாழ அவளுக்கு உரிமை உண்டு என்று மாஜிஸ்திரேட் தற்காலிக உத்தரவு போட்டார். இப்போது சோபனா உள்ளே, மாதேஸ் வெளியே. அவளை நெருங்கினாலோ தொந்தரவு செய்தாலோ சிறைதான். அவன் போய்த் தங்கியிருப்பது ராஜப்பன் வீட்டில். ஒன்பதாம் நாளே ராஜப்பன் வந்து, "குடிச்சிட்டு வந்து என் வூட்டுத் தட்டத் தூக்கி அடிக்கிறான்யா, இவன வெச்சிக்கிட்டு எப்படிக் காலம் தள்ளுறது" என்று அழாத குறையாகச் சொன்னார். உன் அம்மா, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கண்ணா" என்றாள். அதன் பிறகு அவர் முத்திரைத்தாளைத் திரும்பக் கேட்கவில்லை.

மாதேஸ் என்னைப் பால் சொசைட்டியில் மடக்கி, "ஏன் பெரியப்பா, நான் அடிச்சதுக்கு எதுக்கு எல்லை போட்டீங்க, படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிருங்க" என்றான். "மூணு தடவையும் படிச்சுக் காட்டினேனே மாதேஸ், ரெண்டாவதுல கரண்டி இல்ல, அகப்பைன்னு நீதான திருத்தினே" என்றேன். சொல்லிவிட்டு வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை, பால் பாதி வழியில் சிந்தியிருந்தது.

வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் நான் சாட்சி. மூன்றும் என் எழுத்து, படித்துக் காட்டிய பிறகே அவன் கையெழுத்துப் போட்டான் என்று நான் உறுதியாகச் சொன்னால் உத்தரவு நிலைக்கும், தடுமாறினால் சோபனாவுக்குச் சிரமம் என்று அவளுடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். பெயர் என்ன என்று அம்மா அதட்டிக் கேட்டால் என் தகப்பனார் பெயரைச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்டால், அது தப்பு, எழுதியவன் நானே என்று சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் தடுமாறாமல் வருகிறது.

போனில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. உனக்கென்றால் எழுதியிருக்க மாட்டேன் அம்மா. உன்னை அன்றைக்கே பஸ் ஏற்றித் தர்மபுரிக்கு அழைத்துப் போயிருப்பேன். அப்படியானால் அவளுக்கு மட்டும் ஏன் மூன்று முறை எழுதினேன் என்பதற்கு என்னிடம் நகலும் இல்லை, பதிலும் இல்லை. வீணாக்கக் கூடாதே என்று இந்தத் தாளில் தலைப்பை அடித்துவிட்டு உனக்கு எழுதுகிறேன், மீதி வெள்ளைத்தாளில்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ மாரியம்மன் துணை இருக்கட்டும். குழந்தைக்குக் காதில் பஞ்சு வைக்க மறக்காதே. கோர்ட்டு முடிந்ததும் அம்மா போனில் முடிவைச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
சுயநினைவுடனும், உன் அம்மாவைத் தவிர வேறு யாருடைய தூண்டுதலும் இன்றியும்,
உன் அப்பா
மாயவன்