புஷ்பம் வீட்டு வாசலில்

1969, வைகாசி கிருத்திகை. இரவு.

இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மதராஸிலிருந்து வந்த வாத்தியார், அவர் சம்சாரம், பேக்கரி மத்தாயி, புஷ்பம்.

சீசனுக்கு மலையேறி வந்தவர்களுக்கு எங்கள் நாயுடுபுரத்தைச் சுற்றிக் காட்ட இவர் கிளம்பினார். வாத்தியார் சம்சாரத்துக்குத் துணையாக நானும் போனேன். மலையாளத்து மத்தாயி சுடச்சுட ரொட்டி கொடுத்து, கூடவே நடந்து வந்தார். ராவுத்தர் கடை, கவுன் போட்டுக் கம்பளி பின்னும் சட்டைக்காரம்மா வீடு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் சிலோனிலிருந்து வந்த புஷ்பம் வீடு.

"பாலில்லாத் தேத்தண்ணிதான், குடிங்க" என்று தம்ளர்களை நீட்டினாள்.

இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தம்மா புருசன் அங்கேயே இன்னொருத்தியோட இருக்காரு. இதுவோ, அவரு அடுத்த கப்பல்ல வர்றாருன்னு தெருவுக்கே கதை சொல்லிக்கிட்டுக் கெடக்கு."

அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். மத்தாயி தரையைப் பார்த்தார். புஷ்பம் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அதை யாரிடமும் சொல்வதில்லை என்று சூடத்தைத் தொட்டு அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன். புருஷனிடம் சொல்வது வெளியே சொன்னதாகாது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் சொன்னீர்கள் என்று இவரைக் கேட்டேன். "நாளைக்கு பஸ் ஏறிப் போற சனம். அவுகளுக்குத் தெரிஞ்சா என்னடி? சோலியப் பாரு" என்றார்.

"மத்தாயி எந்த பஸ்ல போறாருங்க?" என்றேன். தூங்கிவிட்டார்.

ஒவ்வொரு கிருத்திகைக்கும் புஷ்பமும் நானும் சேர்ந்துதான் விரதம் முடிப்போம். இன்று அவள் வரவில்லை. என் இலையும் அப்படியே இருக்கிறது.

முருகா, காலையில் குழாயடியில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் என்ன சொல்லட்டும்? விடிவதற்குள் சொல்.