சுட்ட தேங்காய் ஆணம்

1955 மார்ச் 2
கல்முனைக்கு வந்து ஒன்பது நாள். கந்தோர் வேலை விட்டதும் நடைதான். சந்தையடியில் மாசிச் சம்பலோடு ரொட்டி. கடற்கரை மீன்வாடியில் சுட்ட பாரை மீன். மருதமுனைத் தறிச்சத்தத்துக்கு நடுவே இனிக்க இனிக்கத் தொதல். அறை எடுக்காதே, அக்கரைப்பற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வா என்று வாப்பா மல்லுக்கு நின்றார். கேட்டிருந்தால் இந்த நாக்குக்கு இதெல்லாம் ஏது?

மார்ச் 5
நடந்த நடைக்குக் கூலி கிடைத்தது. சாய்ந்தமருதுப் பக்கம் வண்டி நுழையாத ஓர் ஒழுங்கை. ஒரு வீட்டின் முன்விறாந்தையில் பாய் விரித்து மத்தியானச் சோறு விற்கிறார்கள். சமைப்பவர் பெயர் சுல்பிகாவாம். முகம் காட்டமாட்டார், கதவுத் திரைக்குப் பின்னால் நின்று சோற்றுக் கோப்பையை நீட்டுவார். மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். கை நின்றுவிட்டது. தேங்காயைத் தணலில் கருகச் சுட்டு அரைத்த ஆணம் – எங்கள் உம்மா வைப்பது! அக்கரைப்பற்றில் வேறெந்த வீட்டிலும் இப்படி வைத்து நான் கண்டதில்லை. வெட்கமில்லாமல் மூன்று முறை சோறு கேட்டேன்.

மார்ச் 11
இன்றும் அங்கேதான்.

மார்ச் 14
இந்தப் பக்குவத்தை யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.
“எண்ட புருஷன்தான் தம்பி. இப்பிடி வெச்சாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்” என்றது திரைக்குப் பின்னால் குரல். “நீங்க எந்த ஊரு?”
“அக்கரைப்பற்று.”
“அவரும் அந்த ஊர்தான். நெல் யாவாரம். புதன்கிழமையில வருவாரு.”
வாப்பாவும் நெல் வியாபாரி. புதன்கிழமைகளில் கல்முனைக்கு வருகிறவர். சீ, என்ன புத்தி இது! ஊரில் நெல் விற்பவர் ஒருவர்தானா?

மார்ச் 15
கந்தோரில் வேலை ஓடவில்லை. நாளை புதன்.

மார்ச் 16
வாப்பாதான்.
பாயில் சம்மணமிட்டு, ஆணத்தில் கை வைத்தபடி. மடியில் நாலு வயதுப் பெண்பிள்ளை.
“நீ இஞ்ச என்ன செய்யிறாய்?”
“சோறு தின்ன வந்தன்.”
வாசல் வரை பின்னால் வந்தார். “உம்மாட்டச் சொல்லிராத மகன். மார்க்கத்தில இரிக்கிறதத்தானே செஞ்சன்.”
மார்க்கத்தில இரிக்கிறதெண்டா ஏன் ஒளிக்கணும்? உம்மா கண் எரிய எரிய ஊதி ஊதிக் கண்டுபிடிச்ச பக்குவத்தக் கொண்டுவந்து இன்னொருத்திக்குப் படிப்பிச்சிருக்காரே – அது எந்த மார்க்கம்? நானும் பெரிய ருசிக்காரன் மாதிரி விரலை நக்கி நக்கித் திண்டிருக்கனே! 

மார்ச் 20
ஊருக்குப் போனேன். சொல்லாமல் திரும்பிவிடத்தான் நினைத்திருந்தேன். வாப்பா பள்ளிவாசலுக்குப் போன நேரம், உம்மா அதே ஆணத்தை ஊற்றிச் சோறு வைத்தார். இறங்கவில்லை.
“என்ன மகன், உப்புக் கூடிட்டா?”
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.
உம்மா அழவில்லை. “அவளும் தேங்காயச் சுட்டுத்தான் அரைக்காளா?” என்று மட்டும் கேட்டார்.
“ஓம் உம்மா.”
என் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 23
புதன். காலையில் பஸ்காரர் என் அறை வாசலில் ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். “உம்மா குடுத்தனுப்பின” என்றார். கடிதம் இல்லை. திறந்தால் வாப்பாவின் சாறன்கள், சட்டைகள், தொப்பி, சவரக் கத்தி. வீடு உம்மாவின் சீதனம். கல்யாணத்தன்று அங்கே வந்து ஏறியவர் வாப்பாதான். அதை இத்தனை வருஷத்தில் உம்மா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.
மத்தியானம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்கு நடந்தேன். வாப்பா வெளியே வந்து பார்த்தார்.
“உம்மா என்ன சொன்னா?”
“ஒண்டும் சொல்லல்ல வாப்பா. எல்லாத்தையும் தோய்ச்சு மடிச்சுத் தந்திருக்கா.”
வாப்பா பெட்டியை உள்ளே எடுக்கவில்லை. வாசலிலேயே அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.