உனக்குப் பிறகு யார் இறங்குவது

இன்று காலை உன் போன் அடித்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தண்ணீரில் இறங்கும் முன் எப்போதும் என் கையில் கொடுப்பாயே, அப்படிக் கொடுத்தது. திருப்பித் தரப் போனபோது உன் மனைவி வாங்கிக்கொள்ளவில்லை. “நீங்களே வெச்சுக்கோங்கண்ணா. அடிச்சா எனக்குப் பேஜாரா இருக்குது.”

எடுத்தேன். ஆற்காடு பக்கத்திலிருந்து ஒருவர். மைத்துனர் கல்குவாரித் தண்ணீரில் மூழ்கிவிட்டாராம். நேற்றிலிருந்து தேடுகிறார்களாம். “பாடி எடுக்கிறவருங்களா?” என்றார். நீ இப்போது இல்லை என்று சொன்னேன். பிறகு கேட்டார், “அப்ப வேற யார் நம்பராச்சும் இருக்குதாங்க?”

இல்லை.

உனக்கு இது வேலையே அல்ல. வேலை ஆம்பூர் தோல் கம்பெனியில், பதப்படுத்திய தோலைத் தரம் பிரிக்கும் இடத்தில். ஆனாலும் கிணறு, குவாரி எதுவென்றாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கொக்கி போட்டுத் துழாவுவார்கள். உனக்கு அது ஆகாது. “தோல்ல ஒரு கீறல் இருந்தாலே நாங்க தனியா எடுத்து வெச்சிடுவோம். இது மனுசன்டா. கொக்கி வாணாம்.” இடுப்பில் கயிறு, நெஞ்சு நிறைய மூச்சு. அவ்வளவுதான் உன்னிடம் இருந்தது.

கயிற்றின் மறுமுனை என்னிடம். எனக்கு நீச்சல் தெரியாது. “இன்னா புரொபசர், புக்கு புடிக்கிற மாதிரி புடிக்கிற? கயிறுடா அது.” கல்லூரியில் வகுப்பெடுப்பவன் என்பதால் அந்தப் பெயர். ஒரு இழுப்பு என்றால் இன்னும் விடு. மூன்று என்றால் தூக்கு. உடல் கிடைத்ததும் உன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதற்குக் கட்டுவாய். அது மேலே வரும். நீ பின்னால் வெறுமனே நீந்தி வருவாய்.

இன்னொரு கயிறு வைத்துக்கொள் என்று ஒரு தடவை சொன்னேன். “ரெண்டும் சிக்கிக்கும். மொதல்ல அவங்க. நான் வந்துடுவேன்.” ஒவ்வொரு முறையும் வந்தாய். நானும் மறுபடி சொல்லவில்லை.

குடியாத்தம் தாண்டி அந்த விவசாயக் கிணறு. மோட்டார் போடப் போனவர் வழுக்கி விழுந்திருந்தார். மழையில் நிரம்பிய தண்ணீர், கலங்கல். அடியில் பக்கவாட்டில் குடைந்த பொந்து ஒன்று உண்டு, உடல் அதற்குள் போயிருக்கும் என்றார்கள். மூன்றாவது முறை மூழ்கினாய். மூன்று இழுப்பு. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அவர் வந்தார்.

அவருடைய அம்மா அவர்மேல் விழுந்தார். யாரோ போர்வை கொண்டுவந்தார்கள். கயிறு அவிழவில்லை. நீ போட்ட முடிச்சு, நனைந்து இறுகியிருந்தது. மண்டியிட்டு நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் கூட்டம். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம், கிணற்றுக்கு முதுகைக் காட்டி.

முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் யாரோ கேட்டார்கள். “எடுத்துக் குடுத்தவரு எங்க?”

மறுநாள், சிலிண்டர் மாட்டி இறங்கத் தெரிந்த இருவர் வேறு ஊரிலிருந்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு கயிறு. உனக்கென்று தனியாக ஒன்று. இறங்குமுன் அவர்களில் மூத்தவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், “இந்தப் பக்கம் வழக்கமா யாருங்க இறங்குறது?”

நான் கிணற்றைக் காட்டினேன்.

உன்னை எடுத்துக் கிடத்திய பிறகு அவர் என்னிடம் வந்தார். “பொந்துக்குள்ள இல்லீங்க. வெளியதான் இருந்தாரு, செவுத்தோரமா.” சாதாரணத் தகவல் போலத்தான் சொன்னார். பொந்திலிருந்து வெளியே வந்தவன் நீ. அங்கிருந்து மேலே எவ்வளவு தூரம்? அன்றிலிருந்து இதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்.

காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரிக்கும்போது, உன் மனைவி கேட்டாள்.

“அண்ணா, அவரு ஒரு தபாவாச்சும் மேல வந்தாராண்ணா?”

“வரலம்மா,” என்றேன்.

தலையை ஆட்டினாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது. உள்ளே போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். சாப்பிட்டேன்.

எனக்குத் தெரியாதுடா. நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.